மேட்டில் கேட்ட விசில்

மார்ச் 4, செவ்வாய்
மேடேறும்போது வண்டி மறுபடியும் விசிலடிக்கிறது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் புதுசாகப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. பள்ளி வேனை நான்தான் ஓட்டுகிறேன். சத்தத்தைச் சொன்னேன். "என் கையால மாட்டினது. உன் காதுலதான் ஏதோ கோளாறு" என்றார்.

மார்ச் 5
இன்றும் அதே விசில். காது நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்
மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "டர்போவுக்கு ஆயில் போற பைப்பையும் மாத்தினாரா தங்கச்சி?"
இல்லை. பழையதையே கழுவி மாட்டியிருக்கிறார்.
"உள்ள கரி அடைச்சிருக்கும். எண்ணெய் போகலன்னா புது டர்போவும் காலி. வண்டிய எடுக்காதீங்க."
அவரிடம் சொன்னதும் முகம் தொங்கிப்போனது. "ஊரெல்லாம் சொல்லி என் மானத்த வாங்கு."
நாளைக்கு எடுப்பதா, வேண்டாமா? மேட்டில் நடுவழியில் நின்றுவிட்டால்? உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி
எடுக்கவில்லை. பெற்றோர்களிடம் வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். "வீம்பு" என்றார்.
ஆமா, வீம்புதான்! "வேன்ல போறது நம்ம புள்ளையா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"
கேட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளையில்லை. அந்தப் பேச்சை எடுத்திருக்கவே கூடாது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார் — என்ன வாய் எனக்கு?

மார்ச் 8, சனி
புது பைப் வந்தது. நானே கழற்ற உட்கார்ந்தேன். எட்டாத மூலையில் ஒரு போல்ட், விரலைக் கிழித்துக்கொண்டேன். பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது. அவர்தான்.
"செம்பு வாஷரும் புதுசா போடு. பழசு கசியும்."
கழற்றிய பைப்பை ஊதிப் பார்த்தேன். கன்னம்தான் உப்பியது. அவர் வாங்கி ஊதினார். காற்றே போகவில்லை.
டர்போவுக்குள் சுழலும் தண்டை அசைத்துப் பார்த்தேன். ஆட்டமில்லை, தப்பித்தது. உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றச் சொன்னார். ஊற்றி, புதுசை மாட்டினேன்.
"நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.
"கேட்க வேண்டிய கேள்விதான். விடு. விரலுக்கு மருந்து போடு."

மார்ச் 10, திங்கள்
மேடு. சத்தமில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் போட்ட கூச்சல் மட்டும்தான்.

மார்ச் 19, புதன்
காரில் என்னமோ உறுமுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட வந்தார். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. உள்ளே பார்த்து என்னைக் கூப்பிட்டார்.
"இவங்க வண்டியக் கொஞ்சம் என்னன்னு பாரும்மா."