நீலம் பூசிய வேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கிறாள். கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருப்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுவில் நானும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன்.

அப்பாவின் வேனை ரோட்டில் ஓட்டத் தகுதியா என்று சோதனைக்குக் கொண்டுபோன அன்று நான் முதலில் பார்த்தது தரையைத்தான். முகம் பார்க்கலாம் போல நீலப் பெயின்ட் மின்ன நின்றது வண்டி. அதன் கதவுக்கு நேர் கீழே காபித்தூள் சிந்தினாற்போல் துரு கிடந்தது. அப்பாவிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் சோதனை அதிகாரி சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். டங், டங் என்று தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தமே வரவில்லை, சுத்தியல் உள்ளே போய்விட்டது. பிறகு இன்னோர் இடம், இன்னோர் இடம். இது ரோட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். போன விடுமுறையில் நீதானே பேசி ஏற்பாடு செய்தாய், பள்ளிக்கூடத்துப் பட்டறை வகுப்புப் பிள்ளைகள் அப்பாவின் பழைய வேனைப் பிரித்துக் கற்றுக்கொள்ளட்டும், சரியானதும் நீ வந்து அப்பாவைப் போலவே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுவதாக. பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. பட்டறை வாத்தியார் பாதி வருஷம் உடம்பு முடியாமல் லீவில் இருந்தார். பதிலுக்கு வந்தவர் தச்சு வாத்தியார். அவர் மரத்துக்குச் செய்வதையே இரும்புக்கும் செய்யச் சொல்லியிருக்கிறார், ஓட்டையை அடை, தேய், மெருகு போடு என்று. துருவை வெட்டி எடுக்கவே இல்லை. வண்டி அலமாரி மாதிரி அழகாக இருந்தது, அண்ணா. அந்தத் தச்சு வாத்தியார் கைகட்டி நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூட வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். அப்பாதான், "விடுங்கப்பா, இத்தனை வருஷம் நான் ஓட்டினதும் ஓட்டை வண்டிதானே" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

இந்த மாதக் கடைசியில் வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தாயே, விடாதே, வந்து எதை ஓட்டுவாய் என்று அம்மா சொல்கிறாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வண்டி போனா போகுது, அவனை வரச் சொல்லி எழுது" என்றார். அம்மா விடவில்லை. "வந்து உங்க மூஞ்சியையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு பேர் சொன்னதையும் எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால், நீ வந்தால் வீடு வீடாக இருக்கும். ஆனாலும் இப்போது வராதே அண்ணா. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பட்டறை வாத்தியார் வேலைக்குத் திரும்பிவிட்டார். வேனை அறுத்துக் காட்டியாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், தருவீர்களா என்று கேட்டனுப்பினார். அப்பா சரி என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார், தன்னால் போய்ப் பார்க்க முடியாதாம்.

குளிரில் காதை மூடாமல் போகாதே, இருமலை இழுத்தடிக்காதே என்று அம்மா நினைவுபடுத்துகிறாள். எங்கே இருந்தாலும் கல்லும் முள்ளும் தைக்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது இருவருடைய ஆசியும்.

இப்படிக்கு,
அம்மா
(எழுதியது உன் வாயில்லாப்பூச்சித் தங்கை)

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் சாவியைக் கொடுக்கப் போனேன். என்னோடு படித்தவர்கள்தான் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். பள்ளியை விட்டு நின்ற பிறகு அந்தப் பக்கமே போனதில்லை, அதனால் வாசலிலேயே நின்றேன். ஒருத்தி, "உள்ள வாடி, யாரும் கடிக்க மாட்டோம்" என்றாள். போய்ச் சாவியைக் கொடுத்தேன். அறுக்கும்போது கதவு விழாமல் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது என்றார்கள். பிடித்துக்கொண்டேன்.