வளையம் ஒட்டிய ஐந்து டாலர்

இன்று காலை பொலிதேயாமா சதுக்கத்தில் பழைய காசு வாங்கி விற்கும் கடைக்காரர் உமது ஐந்து டாலர் காசைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மேல் விளிம்பில் நீர் ஒட்டுவித்த வளையம் அவர் கண்ணை உறுத்தியது. எனக்கு அப்போதே உம்மோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

மற்றவர்கள் காப்பும் சங்கிலியும் வாங்க, நான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பொற்காசு வாங்கினேன். லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்த வீட்டுக்காரரிடமிருந்து தொற்றிய பைத்தியம் அது. பல வருடமாகச் சேர்த்தும் மூன்றுதான் தேறியது. அதில் அபூர்வமானது இதுதான். கழுகுக்குக் கீழே 'ஓ' என்று ஒரு சின்ன எழுத்து, நியூ ஓர்லியன்ஸில் அச்சடித்ததற்கு அடையாளம். எடை கிட்டத்தட்ட ஒரு பவுண் தங்கம். ஆனால் நான் வாங்கியது அந்த எழுத்துக்காக.

நான் வேலைக்குப் போயிருந்த நேரம், எங்கள் மகள் கோவிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கென்று நீர் அதைப் போர்கோ வெக்கியோ சந்தை நகைக்கடைக்குக் கொண்டுபோய் வளையம் ஒட்டுவித்துச் சங்கிலியில் கோர்த்துவிட்டீர். சூடு பட்ட காசைச் சேகரிப்பவன் எவனும் தொடமாட்டான் என்று நான் வீட்டை இரண்டுபடுத்தினேன். நீர் அசையவில்லை.

"இஞ்சருங்கோ, பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சால் அது ஆருக்குப் பவுண்? போட்டால்தானே பவுண்."

மகள் ஒரு நாள் போட்டாள், பாரமென்று கழற்றினாள். பிறகு நீரே போட்டுக்கொண்டீர், ஆஸ்பத்திரியில் தாதி கழற்றித் தரும் வரைக்கும்.

இன்று அதை விற்கத்தான் போனேன். உமது கல்லறைக்கு இன்னும் பளிங்குப் பலகை வைக்கவில்லை. மரித்தோர் திருநாளுக்குள் பெயரும் படமும் போட்டு வைத்துவிட வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். கெட்டுப்போன காசு போகட்டும், நல்ல இரண்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் கழுகைக் காட்டினார். மார்பு இறகுகள் மழுங்கிப் போயிருந்தன. இது பலர் கைமாறித் தேய்ந்ததில்லை, ஒரே ஆளின் நெஞ்சில் உரசித் தேய்ந்தது, தங்கத்தின் விலைதான் தரமுடியும் என்றார். அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். நீர் இல்லாத வீட்டில்கூட நான் இப்படி அழுததில்லை.

காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மற்ற இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். கீறல் விழாத காசுகள், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வரும் வழியில் பளிங்குக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

உமது காசு இப்போது என் சட்டைக்குள் சங்கிலியில் கிடக்கிறது. பின்னேரம் வந்த மகள் அதைக் கண்டுவிட்டாள்.

"அப்பா, போட்டால் இன்னும் தேயுமெல்லோ?"

"ஓம், தேயட்டும்," என்றேன்.