இந்த இன்சிடென்ட் ரிப்போர்ட் செய்யப்படும்

நேற்று ஏசி அறையில் உட்கார்ந்து கணினியில் ஒரு மென்பொருளை நிறுவப் போனேன். கடவுச்சொல்லை அடிப்பதற்கு முன்னால் சேஃப்டி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போய்விட்டது. புதிதாக வந்திருக்கும் ஐடிக்காரப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். "மேலருந்து எதுனா வுழுமா சார்?" என்றாள். ஐம்பது வயதுக்காரன், தாடைக்குக் கீழே பட்டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பட்டையின் பழைய வியர்வை நெடி மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய்.

நீ இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் இதைக் கேன்டீன் முழுக்கப் பரப்பியிருப்பாய். நீ போன பிறகு என்னைப் பற்றி வம்பு பேச இந்தக் கும்மிடிப்பூண்டியில் தகுதியான ஆளே கிடையாது.

எல்லாம் தொடங்கியது, கம்பெனிக் கணினிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட வாரத்தில். நான் டிஸ்பாட்ச், நீ எதிர் ஷெட்டில் இன்ஸ்பெக்‌ஷன். துறைமுகத்துக்குப் போகும் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, லேபிள் பிரிண்டர் அசையவில்லை. ஐடிக்காரருக்குப் போன் போட்டால், "அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணணும். சாயந்தரம் வர்றேன்" என்றார். அடுத்து உனக்குப் போட்டேன். நீ ஓடியே வந்தாய். வரும்போதே உன் போன் வீடியோவில் ஒருவன் இன்ஸ்டால் செய்வது எப்படி என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஒரே லைன் தான் நைனா. மொதல்ல 'சூடோ'ன்னு போடு. சூடு போட்டாத்தான் இது வேல செய்யுமாம்."

போட்டேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"கீபோர்டு பூட்ச்சு" என்று நீ அதைக் கவிழ்த்துத் தட்டினாய். யாரோ தின்ற முறுக்கின் தூள் கொட்டியது. "அது அப்டித்தான், காட்டாதாம். கண்ண மூடிக்கினு அடி" என்று போன்காரன் சொன்னதை நீ சொன்னாய். குருட்டாம்போக்கில் அடித்து முடித்தேன். என் பெயரைப் போட்டு, இந்த ஆளுக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதன் வாலில் இன்னொன்று: இந்த இன்சிடென்ட் ரிப்போர்ட் செய்யப்படும்.

இன்சிடென்ட். இந்தத் தொழிற்பேட்டையில் அந்தச் சொல்லுக்கு இரண்டே அர்த்தம், ரத்தம் அல்லது மெமோ. சரக்குப் பேலட் தள்ளும் கைவண்டியில் ஏறி நின்று ஸ்கூட்டர் சவாரி போனதற்காக என் பெயரில் ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. இரண்டாவது வந்தால் கேட்டுக்கு வெளியே. பெரியவளை அப்போதுதான் காலேஜில் சேர்த்திருந்தேன்.

சட்டென்று மானிட்டரை அணைத்தேன். "இப்பப் போவாதில்ல?"

"அது போயிருக்கும் நைனா" என்றாய். உன் குரலில் கிண்டல் இல்லை.

கண்ணாடி வழியே பார்த்தால் சேஃப்டி மேடம். நடைபாதையின் மஞ்சள் கோட்டைவிட்டு ஒரு விரற்கடைகூட விலகாமல், நேராக நம் அறையை நோக்கி. இவ்வளவு சீக்கிரமா? மேசைமேல் போன் அடித்தது. இரண்டு பேரும் தொடவில்லை. அது அடித்து ஓய்ந்தபோது கதவு திறந்தது.

"யாரு அது?"

நான் ஓர் அடி பின்னால் போனேன். நீ ஓர் அடி முன்னால் போனாய்.

"நான்தான் மேடம். இவருக்கு ஒண்ணுந் தெரியாது."

"தெரியுதே, தலையில ஒண்ணுமில்லன்னு. கிரேன் அடியில ஹெல்மெட் இல்லாம ஓடுறீங்க? அப்படி என்ன அவசரம்?"

உனக்கு மெமோ. என் பக்கம் திரும்பாமலே அவர் போய்விட்டார். நான் மானிட்டரை மறைத்துக்கொண்டே நின்றேன். நீயோ, "ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஜோடியாயிடுச்சு, வுடு" என்றாய்.

சாயந்தரம் ஐடிக்காரர் வந்து பேக்கேஜைப் போட்டார், லேபிள் வந்தது, லாரி போனது. அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. அந்த ரிப்போர்ட் எங்கேயோ பயணத்தில் இருந்தது. ஹெச்.ஆரிடமிருந்து யாருக்கு அழைப்பு வந்தாலும் நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். "வரும் நைனா, மெதுவா வரும்" என்பாய்.

கடைசியில் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்டாய். உன் ஸ்கேன் முடிவை எனக்குச் சொல்லியிருந்தார்கள். எதையோ சொல்லி மழுப்பத் தொடங்கினேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். "என்துல்ல நைனா. ஒன்து."

இப்போதும் 'யாரு அது' என்று எவராவது கேட்டால் நான் ஓர் அடி பின்னால்தான் போகிறேன். உன் 'நான்தான் மேடம்' எனக்குக் கைவரவில்லை. அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ, ஹெல்மெட் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த ரிப்போர்ட் யாருக்குத்தான் போகும் என்று நேற்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நம் பழைய டிஸ்பாட்ச் கணினி இன்னும் ஓடுகிறது. அதில் ஏதோ தட்டிப் பார்த்தாள்.

"மெயிலாப் போவும் சார். ஆனா மெயில் அனுப்பவே தனியா ஒரு பேக்கேஜ் வேணும். இதுல அத யாரும் இன்ஸ்டால் பண்ணவே இல்ல."