ஆவணப்படம் அல்ல, ஆவணம்: நான்காம் எண் கணினியில் மென்பொருள் நிறுவக் கோரும் மனு

அனுப்புநர்
உறுப்பினர் அட்டை எண் 2207,
ஏழாவது மாடி, நூலகத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்
தலைமை நூலகர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: "ஆவணம்" என நான் எழுதியது "ஆவணப்படம்" எனப் பதிவாகி நிராகரிக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைமை நூலகர் ஐயா,

1. நான்கு ஆண்டுகளாகத் தங்கள் கணினி அறைக்கு வருகிறேன். லிஃப்ட் இயங்கும் விதத்தை இங்கேயே, யாரும் சொல்லித் தராமல் கற்றேன். ஆளில்லாத லிஃப்ட் எந்த மாடியில் காத்திருந்தால் அடுத்து அழைப்பவருக்குச் சீக்கிரம் கிடைக்கும்? இது எப்பேர்ப்பட்ட கணக்கு என்று தெரிந்தால் தாங்களே வியப்பீர்கள்! வீட்டில் சொன்னால் அக்கா, "முதல்ல நீ கீழ போய்க் குப்பையைக் கொட்டிட்டு வா" என்கிறாள்.

2. இதைப் பற்றி என்னோடு பேசுபவர் உலகத்தில் ஒரே ஒருவர். இணையக் குழுவில் அவர் பெயர் மூன்றரை. ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தொங்க வேண்டும் என்று வாதாடி வாங்கிய பட்டம் அது. அவர் முகமோ குரலோ எனக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம்.

3. சென்ற மாதம் 27ஆம் தேதி அதை அவர் அழகாக அச்சுக்கோத்து அனுப்பினார். கணக்குக் குறிகள் நிறைந்த கட்டுரைகளுக்கான தனி வகைக் கோப்பு. அதற்குரிய மென்பொருள் இருந்தால்தான் திறக்கும். அக்காவின் கைபேசியில் திறக்காது. "உன்னால பாக்க முடியுமா? இல்ல பிடிஎஃப்பா மாத்தி அனுப்பவா?" என்று கேட்டார். "வேண்டாம், நூலகத்துல நானே திறந்துக்கறேன், ரெண்டு நிமிஷ வேலை" என்று பெருமையடித்தேன். இப்பிழை என்னுடையது, நூலகத்தின் மேல் சுமத்தவில்லை.

4. இங்கே மென்பொருளை நிறுவக் கடவுச்சொல் தேவை. அது தெரிந்த பராமரிப்பாளர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். வந்தார், நிறுவினார். அது இன்னொரு மென்பொருள் கேட்டது. அதைப் போட்டால் அது எழுத்துருக்களைக் கேட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. முதல் பக்கம் மட்டும் தெரிந்தது. குறிகள் எல்லாம் வெற்றுக் கட்டங்கள். தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள். முதலில் இருந்தது என்னுடையது. அதற்குள் அறையைப் பூட்டும் நேரமாகிவிட்டது. மறுநாள் கணினியில் எதுவுமே இல்லை. "இந்த மெஷினுக்கு ஞாபகசக்தியே கிடையாதும்மா. அணைச்சா எல்லாத்தையும் தொடச்சிடும். நிரந்தரமா வேணும்னா ஆபீஸ்ல எழுதிக் குடு" என்றார் பராமரிப்பாளர்.

5. எழுதிக் கொடுத்தேன். "ஆவணம் பார்க்கும் மென்பொருள்" என்பது பதிவேட்டில் "ஆவணப்படம் பார்க்கும் மென்பொருள்" என ஏறி, "நூலகத்தில் படம் பார்க்க அனுமதியில்லை" என்ற முத்திரையுடன் திரும்பியது. விளக்கப் போனேன். "படமோ பாடமோ, முத்திரை விழுந்தா விழுந்ததுதான். மேலிடத்துக்கு எழுதும்மா" என்றார் எழுத்தர்.

6. நான் படித்துச் சரி சொன்னால்தான் கட்டுரையை இதழுக்கு அனுப்பப் போவதாக மூன்றரை கூறியிருந்தார். கெடு இம்மாதக் கடைசி. இம்மாதம் 9ஆம் தேதி, "பிடிக்கலையா?" என்று கேட்டார். 14ஆம் தேதி, "பரவாயில்ல" என்றார். பிறகு எழுதவில்லை. முதல் பக்கத்துக்கு மேல் திறக்கவே இல்லை என்ற உண்மையை நான்கு முறை தட்டச்சு செய்து, நான்கு முறையும் அழித்துவிட்டேன்.

7. ஆகவே, சன்னலோரம் உள்ள நான்காம் எண் கணினியில் மேற்படி இரண்டு மென்பொருள்களையும் எழுத்துருக்களையும் அழியாதபடி நிறுவ ஆணையிடுமாறு வேண்டுகிறேன். நிரந்தரமாக முடியாவிட்டால் ஒரே ஒரு நாள் போதும். கட்டுரை பத்தொன்பது பக்கம். நான் எழுத வேண்டிய பதில் ஒரு சொல். ஆணை வரும்வரை தினமும் அந்த இருக்கையில்தான் இருப்பேன்.

இடம்: கணினி அறை
நாள்: 21ஆம் தேதி

பணிவுடன்,
(கையொப்பம்)
உறுப்பினர் எண் 2207

நகல்: மூன்றரை அவர்களுக்கு. (பிடிஎஃப்பாகவே அனுப்புகிறேன். திறக்கும்.)