ஏழு டின் ஜெரேனியம்

அத்-பாஷி, மார்ச் 9, 1996

நூர்ஸாத்தின் அம்மா ஐசல்கினுக்கு,

நான் நலம். மகள் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். நான் சொல்லச் சொல்லத் தபால்காரி கெரேஸ் எழுதுகிறாள்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. பேருந்து ஏறும்போது நீ சொன்னதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. "ஜன்னல்ல இருக்கிற ஏழு டின்னையும் குளிர் தாண்டிக் காப்பாத்துங்க. பனி உருகினதும் வரேன்." அன்று உன் இடதுகால் செருப்புக் கிழிந்திருந்தது.

செடிகள் சரியில்லை. இலையோரம் கருகிக் கொட்டுகிறது. ஒருநாளும் காயவிட்டதில்லை. "என்ன பெரியப்பா, விறகா வளக்கிறீங்க?" என்கிறாள் கெரேஸ். என்ன செய்ய வேண்டும், எழுது.

சோரோன்பாய்

பிஷ்கெக், மார்ச் 20

நூர்ஸாத்தின் அப்பாவுக்கு,

காய்ந்த தண்டைப் பச்சைக் கணு வரை வெட்டுங்கள். அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் நேர்வெயில் ஆகாது.

என் செருப்புக் கிழிசல் நினைவிருக்கிறது. நான் ஏன் போனேன் என்பது கடிதத்தில் இல்லை. பன்னிரண்டு பேர் முன்னால், "டீக்கு உப்புப் போட மறந்தவளுக்கு வீடு எதுக்குடி?" என்று டீக் கிண்ணத்தைச் சாப்பாட்டு விரிப்பில் கவிழ்த்தீர்கள். நாற்பத்தொரு வருஷத்தில் அந்த ஒருநாள்தான் மறந்தேன்.

செடிக்கு என்ன ஊற்றினீர்கள்?

ஐசல்கின்

அத்-பாஷி, ஏப்ரல் 2

ஐசல்கினுக்கு,

பன்னிரண்டு பேர் இல்லை. ஒன்பது பேர். பெயர் சொல்லட்டுமா?

ஆறு டின் போய்விட்டது. நீ ஊற்றியதைத்தான் ஊற்றினேன். காலை டீயை ஏழு டின்னுக்கும் பங்கு வைப்பாயே, பார்த்திருக்கிறேன். என் கிண்ணத்தில் மிஞ்சியதைக் குளிர்காலம் முழுக்கக் கொடுத்தேன். பாலும் உப்பும் குறையாத நல்ல டீ.

ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன். வா.

சோரோன்பாய்

பிஷ்கெக், ஏப்ரல் 11

நூர்ஸாத்தின் அப்பாவுக்கு,

உப்பு வேரைத் தின்னும். நான் ஊற்றியது, உப்பும் பாலும் சேர்க்குமுன் எடுத்து ஆறவைத்த வெறும் டிகாஷன். முதலில் செடிக்கு, அப்புறம்தான் உங்களுக்கு உப்பு. நாற்பத்தொரு வருஷம், உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் செய்தேன். உப்பில்லாத ஒரு கிண்ணம்தான் உங்கள் கண்ணில் பட்டது.

ஏழாவது டின்னில், அடி ஓட்டை வழியே தெளிவாக வழியும்வரை தண்ணீர் விட்டு அலசுங்கள். மேல்மண்ணை மாற்றுங்கள்.

ஐசல்கின்

அத்-பாஷி, மே 6

ஐசல்கினுக்கு,

ஏழாவது டின் துளிர்த்துவிட்டது. இரண்டு இலை, நகத்தளவு. முதலில் அதற்கு வெறும் டிகாஷனை ஊற்றிவிட்டு, நானும் டீயை உப்பில்லாமலே குடிக்கிறேன். "தொண்டையில இறங்குதா, பெரியப்பா?" என்று கெரேஸ் சிரிக்கிறாள். இறங்கவில்லை. குடிக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு பேர்தான்.

சோரோன்பாய்

பிஷ்கெக், மே 19

நூர்ஸாத்தின் அப்பாவுக்கு,

ஒன்பது பேர்தான். கோபத்தில் கூட்டிச் சொன்னேன். உங்கள் நினைவில் குறையில்லை.

செடி பிழைத்ததில் சந்தோஷம். ஜூனில் வெளியே வையுங்கள், பூக்கும். செப்டம்பரில் முதல் உறைபனிக்கு முன்னால் மறக்காமல் உள்ளே எடுங்கள். நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ஐசல்கின்