தரையில் விழுந்த கல்

சிகாகோ,
அக்டோபர் 9, 1960

அன்பு மகள் அர்னெட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் நியூயார்க்கில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

உன் நாடகம் நம் ஊருக்கு வந்ததும் சபைப் பெண்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு கிளம்பிவிட்டோம். நம் இனப் பெண் ஒருத்தி எழுதிய நாடகம் அந்த அரங்கில் ஏறுவது இதுதான் முதல் தடவையாம். நம் சபை பெர்னிஸுக்கு வாய் சும்மா இருக்குமா? ஆராதனையில் பிரசங்கத்துக்கு நடுவே "ஆமென்" என்று குரல் கொடுப்பதுபோல, "விடாதடி, நல்லாக் கேளு அவனை!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினாள். முன்வரிசை வெள்ளைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் கதைதான் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரம் எழுதிவைத்த தெருவில் அப்பா வீடு வாங்கியது, வாசலில் கூட்டம் கூடியது, எல்லாம் அப்படியே. ஆனால் அந்த வீட்டில் பெண் ஒருத்திதான் பிள்ளை. உன் தம்பி கால்வின் இல்லை.

கூட்டம் கல்லெறியும் ஜன்னல் காட்சி வந்தபோது நாடகம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. எழுந்து நின்று, "கால்வின், ஜன்னலை விட்டு வாடா!" என்று அலறிவிட்டேன். நடிகர்கள் திகைத்துப்போனார்கள். எனக்குத் துணையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கால்வின்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தான். மேடையில் கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. முடிவில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

உன்மேல் கோபம்தான். அந்தக் கல்லால் ஒரு கண் போன பிள்ளையைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டாளே என்று வீடு திரும்பும் ரயிலில் புலம்பினேன். கால்வின் சிரித்தான். "விடும்மா. அக்கா அந்தக் கல்லைத் தரையில விழ வச்சா, பாத்தியா? வாரத்துக்கு எட்டு ஆட்டம். எட்டு தடவையும் எம்மேல படாது" என்றான்.

இன்று நம் தெருவில் ஒரு வெள்ளையரும் இல்லை. எல்லோரும் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இதற்காகவா அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நாடகத்தில் ஒரு வரியையும் மாற்றாதே. இத்தனை வருஷமாக நீ ஏன் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு வா. வந்து அவன் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேசு. அன்று தம்பியைப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போனது உண்மைதான். ஆனால் உனக்கு அப்போது ஒன்பது வயது, மகளே. ஒன்பதே வயது.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன் அம்மா,
எஸ்டெல்