கிணற்றடிக் கேமரா

மே 6, செவ்வாய்

காலையிலேயே வெயில். காரைக்குடிக் கேமராக் கடையிலிருந்து கண்டனூர். பெரிய வீடு, வீட்டுக்காரர் சென்னையில். இங்கே காவலுக்குப் பிச்சையக்கா ஒருத்தர்தான்.

வேலை: பழைய கேமராக்கள், புதுக் கேமராக்கள் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில். வீட்டுக்காரர் சென்னையிலிருந்தே பார்க்கணுமாம். வேறு வேறு கம்பெனி. நல்லவேளை, எல்லாவற்றிலும் ஆன்விஃப் உண்டு. எந்தக் கேமராவும் எந்த சாஃப்ட்வேரோடும் பேசுவதற்கான பொது ஏற்பாடு. பழையவற்றில் அது அணைந்து கிடந்தது. ஒவ்வொன்றாக இயக்கி, தனி யூசர், தனி பாஸ்வேர்டு. முதுகு போச்சு. பின்கட்டுக் கேமரா தவிர எல்லாம் வந்தன. அது மட்டும் பாஸ்வேர்டு தவறு என்கிறது. தவறே இல்லை.

மே 7, புதன்

மறுபடி கண்டனூர். கேபிள் மாற்றியாச்சு. அதே பதில்.

வீட்டுக்காரர் போனில்: "அதுதாங்க முக்கியம். பின்வாசல் வழியா சாமான் வெளிய போகுதோன்னு இருக்கு."

யார் மேல் சந்தேகம் என்று கேட்கவில்லை. கையில் பிச்சையக்கா கொடுத்த மோர்.

உளுந்து வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் பேச்சு.

மே 8, வியாழன்

கோளாறு கேமராவின் கடிகாரத்தில். பல வருடம் பின்னால் நிற்கிறது. கம்ப்யூட்டர் நேரத்தோடு ஒத்துப்போகாததால் சாஃப்ட்வேரை உள்ளே விடவில்லை. நேரத்தைத் திருத்தியதும் படம் வந்தது.

பின்வாசல். அதையொட்டிக் கிணற்றடி. பிச்சையக்கா குளித்துக்கொண்டிருந்தார்.

உடனே திரையை அணைத்தேன். சென்னைக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம். கேமரா செட்டிங்கில் போய், கிணற்றடி மட்டும் கறுப்பாகத் தெரிகிற மாதிரி மறைப்பு வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மறைப்பு எதுக்கு? எடுங்க."

"அவுக குளிக்கிற எடம் சார். பின்வாசல் முழுசாத் தெரியுது."

"வீடு என்னுது தம்பி."

"நான் எடுக்க மாட்டேன் சார்."

போனை வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொல்லாமல் கிளம்ப முடியவில்லை. ஈரத் தலையோடு நின்றார். "கெட்டுப்போன கேமரான்னுல்ல சொன்னாக. அப்ப இம்புட்டு நாளும் பாத்துச்சா?"

"உள்ள குளியலறை இல்லையாக்கா?"

"பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிட்டாக."

கேமராவுக்குள் மெமரி கார்டு. என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அதோடு நேரே எரிகிற அடுப்புக்குப் போனார்.

மே 9, வெள்ளி

கடை முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. கண்டனூருக்கு இனி வேறு ஆளாம். சரி என்றேன். சண்டை போடத் தெம்பில்லை. அரியக்குடியில் ஒரு மண்டபம், பதினாறு கேமரா. தலைவலி.

மே 12, திங்கள்

பிச்சையக்கா போன். சென்னைக்கு அவரே பேசிவிட்டாராம்: குளியலறைச் சாவி வரணும், இல்லாவிட்டால் வீட்டுச் சாவியை வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று. அந்த வீட்டில் தனியாகப் படுக்க வேறு யார் வருவார்கள்? சாவி இன்று கூரியரில் வந்துவிட்டது.

"உள்ள கொழாயில தண்ணி வரல தம்பி. கெணத்துல எறச்சுத்தான் தூக்கிட்டுப் போறேன்."

"கொழாயச் சரிபண்ணித் தரச் சொல்லுங்கக்கா."

"அது கெடக்கு. கதவு இருக்குல்ல."